எட்டிப்பார்த்தால் வராத பிழை

சித்தி வீட்டில் தங்கிக் கல்லூரி படித்த மூன்று வருடமும் நான் குறிப்பெடுக்கக் காகிதம் வாங்கியதில்லை. இரண்டு ஓரமும் துளை போட்டு, மடிப்பு மடிப்பாக நீளும் கணினிக் காகிதம் அந்தக் கூடத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு பக்கம் முழுக்க எண்கள். மறுபக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைப் பக்கம் என்னுடையது. மின்விசிறிக் காற்றுக்கு மேல்தாள் படபடக்காமல் இருக்க, பேருந்துப் பணிமனையிலிருந்து கொண்டுவந்த தேய்ந்த இரும்புத் துண்டு ஒன்றைச் சித்தப்பா ஒவ்வொரு கட்டின் மேலும் வைத்திருப்பார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். ஓர் இடத்தில் நான்கு மாதம் இருந்தால் ஐந்தாவது மாதம் கால் அரிக்கும். எத்தனை அறைகளில் படுத்து எழுந்தேன் என்று எண்ணப்போனால் பாதியில் விட்டுப்போகிறது. எந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாது. ஆனால் சித்தி வீட்டுக் கூடத்தின் மூன்றாவது தரைக்கல்லில் இருந்த விரிசல் எப்படி வளைந்து போகும் என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன். போன மாதம் திரும்பி வந்ததும் நேராக அங்கேதான் போனேன். கல்லை மாற்றியிருந்தார்கள். மனசு ஒரு நிமிடம் என்னவோ போல ஆகிவிட்டது.

சித்தி என் அம்மாவுக்குப் பதினோரு வயது இளையவள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அம்மா, "கம்ப்யூட்டர்ல என்னமோ" என்று முடித்துக்கொள்வாள். சித்தப்பா பேருந்து ஓட்டுநர். சித்தி எழுதியதும் டிரைவர்தான். பிரிண்டர் மாதிரி ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் புரோகிராமுக்கு அந்தத் துறையில் அப்படிப் பெயர். "வீட்ல ரெண்டு டிரைவர் இருக்கோம், சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்ல" என்று சித்தப்பா வருகிற விருந்தாளி ஒருவரையும் விடாமல் சொல்வார். சித்தி சிரிக்கமாட்டாள். நூறாவது தடவை கேட்பவள் எப்படிச் சிரிப்பாள்?

அவளுடைய அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. மொத்தம் ஐந்து பேர். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடங்களில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் அச்சிடும் பிரிண்டரைக் கணினியோடு இணைக்கும் ஒரு பெட்டியைச் செய்து விற்றார்கள். பெட்டிக்குள் பற்றவைக்கிற வேலை ஒருவருக்கு. அவருக்கு ஈயம் என்று பட்டப்பெயர். அவருடைய நிஜப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது என்பார்கள். பெட்டியைப் பேசவைக்கிற டிரைவர் முழுக்கச் சித்தியின் கைவேலை. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அவள் மேசையில் இருக்கும் தேநீர் வட்ட வட்டமாக நடுங்கும். அந்த ரப்பர் வாசனை அவள் புடவையோடு வீட்டுக்கும் வரும். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் எங்காவது ஒரு டயர் கடையைத் தாண்டினால் நடை தானாகக் குறைகிறது.

கணினி பிரிண்டரிடம் ஒரு வேலை கேட்கிறது. பிரிண்டர் 'முடிந்தது' என்றோ 'முடியவில்லை' என்றோ பதில் சொல்கிறது. ஒரு நொடிக்குள் இப்படி எத்தனையோ கோரிக்கைகள் கீழே போகும், பதில்கள் மேலே வரும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஏதாவது கோளாறு என்றால் கணினிக்காரர் பிரிண்டரைக் கைகாட்டுவார், பிரிண்டர்காரர் கணினியைக் கைகாட்டுவார். இந்தப் பஞ்சாயத்தில் நொந்துபோய்த்தான் சித்தி அந்தச் சின்னக் கருவியை எழுதினாள். அதுவும் ஒரு புரோகிராம்தான். இரண்டுக்கும் நடுவில் வாயிற்காவலர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். யாரையும் தடுக்காது. எந்தக் கோரிக்கை, எத்தனை மணிக்கு உள்ளே போனது, என்ன கேட்டது, பதில் எப்போது வந்தது, என்ன பதில் என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி வைக்கும். ஈயம் அதற்கு 'எட்டிப்பார்' என்று பெயர் வைத்தார். நான் குறிப்பெடுத்த காகிதத்தின் மறுபக்கமெல்லாம் எட்டிப்பார் எழுதிய வரிகள்தான்.

சித்தி அந்த வரிகளைப் படிக்கிற விதம் தனி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை மடி மேல் விரித்து, போன கோரிக்கையையும் வந்த பதிலையும் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டு இணைப்பாள். ஜோடி சேராத கோரிக்கை எதுவோ, அங்கேதான் கோளாறு. "போனது எல்லாம் திரும்பி வரணும். வரலைன்னா எங்க மாட்டுச்சுன்னு தேடணும். அவ்வளவுதான் என் வேலை" என்று ஒருமுறை சொன்னாள். பக்கத்தில் இருந்த சித்தப்பா, தன் பேருந்தில் ஏறுகிறவர்களைப் பற்றித் தானும் அதையே சொல்லலாம் என்றார்.

நான் இரண்டாம் வருடம் படித்தபோது பெரிய மருத்துவமனையிலிருந்து சித்தியின் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருடமாக ஒரே மேசையில் ஒரு பெண் வேலை பார்த்தார். டாக்டர்கள் உட்பட அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். வருகிறவரின் விவரத்தைக் கணினியில் பார்த்து, ஒரு பொத்தானை அமுக்கி, பிரிண்டரிலிருந்து வரும் லேபிளை ரத்தக் குழாயில் ஒட்ட வேண்டும். லேபிளில் பெயர் இருக்காது. பதினைந்து இலக்க எண்ணும் கறுப்புக் கோடுகளும் மட்டும்.

அந்த வருடத்தில் மூன்று முறை அடுத்தடுத்த இரண்டு குழாய்களில் ஒரே எண் ஒட்டியிருந்தது. மூன்றாவது முறைதான் வினையாகிவிட்டது. நோய் ஒன்றுமில்லாத ஒரு பெண்ணுக்கு, அவளுக்குப் பின்னால் நின்றவரின் சர்க்கரை அளவு போய்ச் சேர்ந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அவள் இரண்டே நாளில் வீட்டில் மயங்கி விழுந்து, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவருக்கோ, ரத்தமே வரவில்லை, திரும்ப வந்து கொடுங்கள் என்று சீட்டு.

அக்கா பொத்தானை இரண்டு தடவை அமுக்கி, ஒரே லேபிளை இரண்டு குழாயில் ஒட்டியிருக்கிறார் என்று குற்றச்சாட்டு. ஐந்து வாரத்தில் விசாரணை. நிரூபணமானால் வேலை போகும். ஒரு பெண்ணைச் சாகடிக்கப் பார்த்தவர் என்கிற பேரோடு போகும். வந்ததைத்தான் ஒட்டினேன் என்பதைத் தவிர அக்காவிடம் வேறு பதில் இல்லை. பொத்தானை எத்தனை தடவை அமுக்கினார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கேட்க, எங்கள் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஊசி விழுந்தாலும் எழுதி வைக்கும் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாள் என்று முதலாளி பெருமையோடு சித்தியை அனுப்பினார்.

சித்தி அந்த மேசைக் கணினியில் எட்டிப்பாரை ஏற்றினாள். பதினோரு நாள் அது ஓடியது. அக்கா எப்போதும் போல வேலை செய்தார். ஏறத்தாழ நான்காயிரம் லேபிள். சித்தி கூடம் நிறையக் காகிதத்தைப் பரப்பி ஒவ்வொன்றுக்கும் வளைகோடு போட்டாள். எல்லாம் ஜோடி. பொத்தான் ஒரு தடவைதான் அமுக்கப்பட்டிருக்கிறது, லேபிள் ஒன்றுதான் வந்திருக்கிறது, எண் சரி. ஒரு பிழைகூட இல்லை. கருவியில் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அக்காவுக்கு இது நல்லதுதான் என்று நினைத்தாள். அவர் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று நான்காயிரம் வரி சாட்சி சொல்கிறதே.

கண்காணிப்பாளர் அதே காகிதத்தை வேறு மாதிரி படித்தார்.

"பாத்துட்டிருக்காங்கன்னு தெரிஞ்சதும் கை எவ்வளவு ஒழுங்கா வேலை செய்யுது பாத்தீங்களா?" என்றார். "அப்ப முன்னாடி நடந்தது என்ன? அலட்சியம்தானே?"

அறிக்கை விசாரணைக் கோப்பில் சேர்ந்தது. அன்றைக்கே அக்காவை மேசையிலிருந்து எழுப்பி, காலி பாட்டில்களை எண்ணும்படி கிடங்குக்கு அனுப்பினார்கள். சித்தி கிடங்குக்குப் போனபோது அவர் தலையைத் தூக்கவில்லை. பாட்டில்களை வரிசை மாற்றிக்கொண்டே பேசினார்.

"உங்க பேப்பர்ல நான் ஏதாவது தப்பு பண்ணினதா இருக்கா மேடம்?"

"இல்லக்கா. ஒண்ணுகூட இல்ல."

"அதைத்தான் எனக்கு எதிரா வச்சிருக்காங்க."

சித்தி வீட்டுக்கு வந்து இதை எங்களிடம் சொல்லவில்லை. தட்டில் போட்ட சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்து போனாள். சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் சித்தப்பாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுநாள் தட்டைத் தொடவே இல்லாதபோதுதான் சித்தப்பா பிடித்து உட்காரவைத்துக் கேட்டார். அதற்குள் அவள் முகம் இரண்டு நாளில் இளைத்திருந்தது.

முதலாளிக்கு ஒரே குஷி. எட்டிப்பாரை அங்கேயே விட்டுவிடலாம், அது இருக்கும்வரை புகாரே வரவில்லை, அப்புறம் என்ன என்றார். விட்டும்விட்டார்கள். ஒரு வாரம் கழித்து பிரிண்டரின் மை ரிப்பன் மாற்ற அங்கே போன சித்தியிடம், அக்காவின் இடத்துக்கு மாலை ஷிஃப்டிலிருந்து வந்த நெட்டை என்பவர் குறைபட்டுக்கொண்டார்.

"முன்னெல்லாம் அமுக்கின உடனே வரும். உங்க ஆளை உள்ள உட்கார வச்சதிலேர்ந்து மெஷின் யோசிச்சு யோசிச்சுத் தருது."

சித்திக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டிப்பார் ஒவ்வொரு வரியையும் கணினியின் வட்டில், அதாவது டிஸ்க்கில், எழுதி முடித்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை உள்ளே விடும். வரி விட்டுப்போகக் கூடாது என்று அவள்தான் அப்படி எழுதியிருந்தாள். ஒரு வரிக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்தத் தாமதம்; ஆனால் ஒரு லேபிளுக்குள் அப்படி எத்தனையோ வரி. அந்தத் தாமதத்தாலேயே பிழை வராமல் இருக்கிறது என்றால்? காவலர் வாசலில் உட்கார்ந்ததும் கூட்டம் தானாக வரிசையில் நிற்பதைப் போல, எட்டிப்பார்ப்பதாலேயே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றால்? அப்படியானால் அந்தப் பதினோரு நாள் காகிதம் எதையுமே நிரூபிக்கவில்லை. அதில் அவள் கையெழுத்து இருக்கிறது. விசாரணைக்கு இன்னும் பதினாறு நாள்தான்.

எட்டிப்பாரைப் பிரித்துப் போட்டு மறுபடி எழுதினாள். இந்த முறை அது எதையும் வட்டில் எழுதாது. மனப்பாடம் பண்ணிக்கொள்வது போல நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, கேட்டால்தான் மொத்தமாகக் கொட்டும். கோரிக்கைகளின் நடை துளியும் குறையாது. நான்கு நாளில் முடித்தாள். அதைக் கொண்டுபோக வேண்டும் என்றதும் முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஐந்து குடும்பத்தின் பாரம் தன் தலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்.

"என்னம்மா இது? நாப்பது இடத்துல நம்ம பெட்டி ஓடுது. ஒரு இடத்துல நாமளே போய் தப்பிருக்குன்னு சொன்னா, நாப்பதும் திரும்பி வந்துரும்."

"தப்பிருந்தா நாப்பது இடத்துலயும் இருக்கு சார்."

"இருந்தா பாக்கலாம். நீயா போய்த் தேடாதே."

சித்தி விடுப்புச் சீட்டு எழுதி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஈயம் படி வரைக்கும் வந்து, அலுவலகத்தில் சோதனைக்கு வைத்திருந்த பிரிண்டர் இருக்கும் அலமாரியின் சாவியை ஓசைப்படாமல் அவள் பையில் போட்டாராம்.

மூன்று நாள் காலையில் நெட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புது எட்டிப்பார் ஓடியது. ஒரு பிழையும் வரவில்லை. மூன்றாவது நாள் பிரிண்டரில் லேபிள் சுருள் தீர்ந்தது. நெட்டை பிரிண்டரை அணைத்தார், சுருளை மாற்றினார், திரும்பப் போட்டார், அது சூடாகும் வரை காதைக் குடைந்துகொண்டு நின்றார். சித்தி நேரே கிடங்குக்குப் போய், சுருள் தீர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அக்காவிடம் கேட்டாள்.

"எதுக்கு? இதுலயும் ஒரு குத்தம் எழுதிக் கொடுக்கவா?" என்றார் அக்கா.

 பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு காலி அட்டைப்பெட்டியை இழுத்து வைத்து அதையே பிரிண்டராக்கிச் செய்து காட்டினார். இடது கை மூடியைத் தூக்குகிறது, வலது கை தீர்ந்த சுருளைத் தட்டிவிட்டுப் புதியதைச் செருகுகிறது, மூடி விழும்போதே விரல் பொத்தான் மேல் இருக்கிறது. எண்ணி ஐந்து நொடி. அணைப்பது இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, அணைத்துவிட்டு ஏற்றினால் ஒன்றரை நிமிடம் வீண், கிழவர்கள் தலைசுற்றி விழுவார்கள் என்றார். அவர் ஒருவர்தான் அங்கே அப்படி மாற்றுவார். மற்றவர்களுக்கு அந்தக் கை வராது.

சித்தி தானே செய்து பார்த்தாள். அலமாரியிலிருந்த பிரிண்டரை எடுத்து வைத்து முப்பது தடவை சுருள் மாற்றினாள். விரல் நகம்தான் பெயர்ந்தது. அவளுக்கு எவ்வளவு முயன்றும் பதினான்கு நொடிக்குக் கீழே இறங்கவில்லை. ஆகவே விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்காவையே டயர் கடை மாடிக்கு அழைத்து வந்தாள். கடை பூட்டியிருந்தது. தரை அதிரவில்லை. பொய்யாக நூறு எண்களை எழுதி வைத்து, அவர் எப்போதும் செய்வது போலச் செய்யச் சொன்னாள். வேண்டுமென்றே ஒவ்வொரு சுருளிலும் பத்துப் பன்னிரண்டு லேபிள்தான் வைத்திருந்தாள்.

முதல் மூன்று சுருளில் ஒன்றுமில்லை. நான்காவது சுருளை மாற்றி, நின்றுபோன லேபிளை மறுபடி அடித்து, அடுத்ததற்கும் அமுக்கியபோது அக்காவின் கை நின்றது. வந்த லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது முந்தின ஆளோடது," என்றார்.

சித்தி எட்டிப்பாரைக் கேட்டாள். அது ஒப்பித்தது. சுருள் தீர்ந்ததும் பாதியில் நின்ற கோரிக்கையைக் கணினி ரத்து செய்கிறது. 'ரத்தாகிவிட்டது' என்று பதில் வருகிறது. ஆனால் பிரிண்டர் அப்போது எதுவுமே சொல்லவில்லை. அது பாதி வேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. புதுச் சுருள் ஏறி, அதே ஆளுக்கு மறுபடி லேபிள் வந்து, அடுத்த ஆளுடைய எண் கீழே இறங்கும் அந்தக் கணத்தில், செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பழைய கோரிக்கை எழுந்து வந்து தன் எண்ணை அதன் மேல் எழுதிவிட்டுப் போகிறது. கொஞ்சம் மெதுவாகச் செய்தால் அந்தப் பழசு முன்னதாகவே வந்து அடங்கிவிடும். பிரிண்டரை அணைத்தால் அதற்கு உயிரே இருக்காது. அக்காவின் வேகம் இருந்தால் மட்டும், அதிலும் எப்போதாவது, இரண்டும் மோதும்.

பிரிண்டர் பதில் சொல்லும் முன்பே 'ரத்தாகிவிட்டது' என்று சொன்னது யார்? சித்தி டிரைவரின் மூலப் பிரதியைத் திறந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் எழுதிய ஆறு வரி. அதற்கு மேலே, பின்னால் படிக்கப்போகிறவர்களுக்காக அவளே எழுதி வைத்த குறிப்பு: 'இங்கே காத்திருக்கத் தேவையில்லை.'

அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்தத் திரையில் இருப்பது அக்காவுக்குப் புரியப்போவதில்லை. பழியைப் பிரிண்டர் கம்பெனிக்காரன் மேல் போட்டிருந்தால் அதையும் நம்பியிருப்பார்.

"இது நான் எழுதினதுக்கா," என்றாள் சித்தி.

 அக்கா கையிலிருந்த லேபிளைச் சுருட்டிச் சுருட்டி ஒரு குச்சியாக ஆக்கினார்.

"படுத்தா தூக்கம் வராது," என்றார். "ரெண்டு தடவை அமுக்கினியான்னு என் விரலை நானே கேட்டுட்டுக் கிடப்பேன். கடைசில, அமுக்கியிருப்பேன்னுதான் முடிவு பண்ணிட்டேன். வியாழக்கிழமை விசாரணையில ஒத்துக்கறதா இருந்தேன்."

முதலாளியிடம் சித்தி திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. பிரிண்டரும் பாதிக் குற்றவாளிதானே, அதை மட்டும் சொல்லேன் என்று கெஞ்சினார். வியாழக்கிழமை விசாரணை அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி காகிதத்தை விரித்து, வளைகோடுகளைக் காட்டி, ஜோடி சேராத அந்த ஒரு கோரிக்கையின் மேல் விரலை வைத்தாள். அப்படியென்றால் முதலில் நீங்கள் கொடுத்த அறிக்கை பொய்யா என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பொய் இல்ல சார். நான் பாத்தப்ப பிழை வரல. நான் பாத்ததாலதான் வரல. அது எனக்கு அப்பத் தெரியல. தப்பு என் டிரைவர்ல இருக்கு. இவங்க கை வேகமா இருந்தது, அவ்வளவுதான் இவங்க செஞ்சது."

அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஈயம் தூக்கிக்கொண்டு வந்திருந்த பிரிண்டரில் அக்கா சுருள் மாற்றிக் காட்டினார். ஏழாவது தடவை, அவர்கள் கண் முன்னாலேயே முந்தின எண் வந்தது.  கண்காணிப்பாளர் அந்த லேபிளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல.

நாற்பதும் திரும்பி வரவில்லை. எட்டு வந்தது. முதலாளி சித்தியை வேலையை விட்டு அனுப்பவில்லை. நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மீதி முப்பத்திரண்டு இடத்துக்கும் திருத்திய டிரைவரோடு சித்தியே பேருந்து ஏறிப் போனாள். சில நாள் அது சித்தப்பா ஓட்டும் பேருந்தாகவே இருக்கும். அன்றைக்கு மட்டும் முன் இருக்கையில் உட்கார்ந்து, வளைவுகளில் வேகமாகப் போகிறார் என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வருவாள். எனக்கு அந்த வருடத்தை நினைத்தால் அதுதான் முதலில் தோன்றும்: விடிந்ததும் இரண்டு டிபன் டப்பாவை மூடிவிட்டு, வீட்டின் இரண்டு டிரைவர்களும் ஒன்றாகப் படியிறங்கிப் போவது. அப்போது எனக்கு அது சாதாரணக் காட்சி. எப்போது இங்கிருந்து கிளம்புவோம் என்று நான் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

அப்போது நான் கேட்காமல் விட்ட ஒன்றைப் போன மாதம் கேட்டேன். அக்கா மன்னித்தாரா? சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு பற்றியெல்லாம் பேச்சே வரவில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

முப்பத்திரண்டில் முதலாவதாகப் போனது அந்தப் பரிசோதனைக்கூடத்துக்குத்தான். அக்கா தன் மேசைக்குத் திரும்பியிருந்தார். சித்தி புது டிரைவரை ஏற்றினாள். ஒரு மாதத்துக்கு எட்டிப்பாரும் ஓடட்டும், ஒரு பாதுகாப்புக்கு என்றாள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுத்துவிட்டார்.

"அதை எடுத்துட்டுப் போயிருங்க மேடம். அது பாத்துட்டிருந்தா எனக்குக் கை ஓடாது. சரியா இருக்கான்னு பாக்கணும்னா நீங்களே வந்து உட்காருங்க."

சித்தி எட்டிப்பாரை நீக்கினாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படி ஒன்பது நாள் காலை. முதலாளிக்கு இது தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். நான்காம் நாள், வரிசை கதவைத் தாண்டி நிற்கும் நேரத்தில் சுருள் தீர்ந்தது. அக்காவின் கை மூடியின் மேல் போய் அங்கேயே நின்றது. அணைத்துவிட்டு ஏற்றலாம். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள். 

அக்கா மூடியைத் தூக்கினார். பழைய சுருள் கூடையில் விழுந்தது. மூடி விழும்போதே பொத்தான் அமுங்கியது. நின்றுபோன லேபிள் வந்தது, ஒட்டியாயிற்று. அடுத்த ஆள், அடுத்த லேபிள். அதை அக்கா பார்க்கவில்லை. கிழித்து அப்படியே சித்தியிடம் நீட்டினார்.

சித்தி பதினைந்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். அக்கா திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தார். கடைசி இலக்கத்தில் விரல் நின்றது.

"சரியா இருக்கு," என்றார். லேபிளை வாங்கிக் குழாயில் ஒட்டி, வரிசையைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.